அரச நியமனமா, வெளிநாடா, வட்டக்கச்சி வயலா?

கடந்த ஆவணி மாதம், கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் உள்ள என் தங்கை வீட்டு விறாந்தை மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. ஒன்று, வர்த்தமானியில் வந்த ஆட்சேர்ப்பு அறிவித்தலின் நிழற்பிரதி. மற்றொன்று, வெளிநாடு அனுப்பும் முகவர் ஒருவர் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பணக்கணக்கு. மூன்றாவது, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள தொழிற்பயிற்சி நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம். தங்கையின் மகனுக்கு 27 வயது. 2022 இல் கலைப்பட்டம் பெற்றவன், மூன்று வருடங்களாக வீட்டில் இருக்கிறான். தகப்பனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் உண்டு. "பெரியம்மா, நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கோ" என்று அவன் கேட்டான். ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விடயமாக அது இல்லாதபடியால், இரண்டு கிழமை அவர்களோடு இருந்து கணக்குப் பார்த்தேன். வன்னியில் எத்தனையோ வீடுகளில் இதே மூன்று தாள்கள் இருப்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் பெற்றோர் என்னிடம் கொண்டுவந்த கேள்வி, எந்த ஆண்டிலும் பெரிதாக மாறியதில்லை: "எது நிரந்தரம், ரீச்சர்?" எவ்வளவு சம்பளம், பிள்ளைக்கு அதில் விருப்பம் இருக்கிறதா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான். நிரந்தர நியமனம், நிரந்தர வதிவிடம், நிரந்தர வீடு என்று எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் சனம் ஒரு பொருளின் பெறுமதியைப் பார்க்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போரின் கடைசி மாதங்களில், 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 வைகாசி வரை கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரையில், ஒவ்வொரு இடமாக வீட்டையும் மாட்டையும் நெல்மூடைகளையும் விட்டுவிட்டு நடந்தவர்கள் நாங்கள். என் தங்கை அன்று ஒரு பொலித்தீன் பைக்குள் பிறப்புப் பதிவுகளையும் சான்றிதழ்களையும் காணிப் பெமிற்றையும் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தாள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் அந்தப் பையை விரித்தபோது வியர்வையில் பெமிற்றின் ஒரு மூலை கரைந்திருந்தது. அந்தக் கரைந்த மூலையோடுதான் இன்றும் அது தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அப்படி வந்தவர்கள் நிரந்தரம் என்ற சொல்லைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்காக நாங்கள் கொடுக்கும் விலை அளவுக்கு மீறிவிட்டது என்பதே, மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபின் எனக்கு வந்த எண்ணம்.

முதலில் அரச நியமனம். அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; அந்த உயர்வு 2025 ஏப்ரலில் தொடங்கி 2027 வரை கட்டம் கட்டமாகச் சேர்கிறது. பட்டதாரி உத்தியோகத்தருக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தொடங்கும். அதோடு லீவு, கடன் வசதி, மாதம் தவறாத வருமானம் எல்லாம் உண்டு. நான் அதில்தான் வாழ்ந்தேன், அதில்தான் என் பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஆகவே அரச உத்தியோகம் பெறுமதியற்றது என்று நான் சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகும். நான் அளவுக்கு மீறியது என்று சொல்வது, உத்தியோகத்துக்காகக் காத்திருக்கும் காலத்தை எவரும் செலவாக எழுதாமல் விடுவதைத்தான்.

அந்தக் காத்திருப்பை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். நாளுக்கு 2,500 ரூபாய் கூலிக்கு மாதம் 20 நாள் வேலைக்குப் போயிருந்தால் 50,000 ரூபாய். அப்படி 36 மாதங்கள் என்றால் 18 இலட்சம். மேசன் வேலைக்குக் கை உதவியாகப் போகும் பையன் உழைக்கும் காசு அது. பட்டதாரி கூலி வேலைக்குப் போவதா என்ற கேள்விக்கு விடையாகத்தான் அந்த 18 இலட்சம் வீட்டுக்குள் வராமல் போனது. 2017 இல் வடக்கின் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் வீதியோரம் மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். 2020 இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள், மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் ஒரு வருடப் பயிலுனர்களாக எடுக்கப்பட்டார்கள். அந்த அலையில் உள்ளே போன என் பழைய மாணவி ஒருத்தி, அலுவலகத்தில் மூன்று பேருக்கு ஒரு மேசை என்றும், காலையில் கையொப்பமிட்டபின் மாலை வரை செய்வதற்கு வேலை இல்லை என்றும் சொல்லி அழுதிருக்கிறாள். சம்பளம் நிரந்தரமாயிற்று, அவள் படித்த புவியியல் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போயிற்று. அடுத்த அலை எப்போது வரும், எத்தனை பேரை எடுப்பார்கள் என்பது அரசின் கைவசமுள்ள காசையும் தேர்தல் காலத்தையும் பொறுத்தது. பிள்ளையின் திறமைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

நியமனம் கிடைத்த பின்னும் குடும்ப வாழ்க்கைக்கு ஒரு செலவு இருக்கிறது. அதைக் கலியாணத் தரகர்கள் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். அங்கிருந்து ஏ-9 வழியாகத் தினமும் வந்துபோகும் ஆசிரியைகளோடு நான் வேலை செய்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளை எழும்புமுன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மாலை நாலு மணிக்குப் பிறகு வீடு சேர்பவர்கள் அவர்கள். துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ நியமனம் என்றால் இன்னும் கூடும். அப்படி வந்துபோகும் ஐந்து, ஆறு வருடங்களில் தாயின் முகத்தைச் சனி, ஞாயிறுகளில் மட்டும் காலை வெளிச்சத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இரண்டாவது தாள், வெளிநாடு. இங்கே ஒரு பிழையை முதலில் திருத்த வேண்டும்: வெளிநாடு என்பது ஒரு தெரிவு இல்லை, அதற்குள் இரண்டு இருக்கின்றன. அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவது ஒன்று. முகவர் சொல்லும் நாட்டுக்கு முகவர் சொல்லும் பாதையால் போவது மற்றது. பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். தம்பி கொரியாவில் உழைத்து வீடு கட்டினான் என்ற கதையைக் காட்டித்தான் இரண்டாவது பாதைக்கும் காசு வாங்குகிறார்கள். கொரிய வேலைக்கு 18 இலிருந்து 39 வயது வரையானவர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தகுதி பெற வேண்டும். ஒரு தடவை போனால் 4 வருடமும் 10 மாதமும் வேலை செய்யலாம். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு வருடம் ஊன்றிப் படிக்கும் பொறுமை. காணியை ஈடு வைக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

எங்கள் மேசையில் கிடந்தது மற்றப் பாதை. முகவர் எழுதியிருந்த தொகை 45 இலட்சம், பாதி முன்பணம். போய்ச் சேரும் நாடு கனடா என்று எழுதியிருந்தது, போகும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கு 3 வட்டிக்கு அந்தத் தொகையை எடுத்தால் மாதம் 1,35,000 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும். பையன் போய்ச் சேர்ந்து, விசாரணை முடிந்து, வேலை செய்ய அனுமதி கிடைக்கும் வரையில் அந்த வட்டியை வட்டக்கச்சியில் எவர் கட்டுவது என்று கேட்டபோது வீட்டில் ஒருவருக்கும் விடை இல்லை. 2022 கார்த்திகையில் கனடாவை நோக்கிக் கிளம்பிய கப்பல் ஒன்று கடலில் பழுதாகி, அதிலிருந்த 303 இலங்கையர்கள் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் வடக்கைச் சேர்ந்தவர்கள் பலர். திரும்பி வந்தவர்களுக்கும் கடன் திரும்பி வந்தது.

ஈடு வைப்பது எதை என்பதையும் கவனிக்க வேண்டும். வன்னிக் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. யாழ்ப்பாணத்து உறுதிக் காணிபோல அதை நினைத்தபடி விற்கவோ வங்கியில் வைக்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். ஆனபடியால் அவசரக் காசுக்கு நடப்பது, சட்டத்தின் கண்ணில் படாத ஒற்றி. பெமிற் ஒருவரின் பெட்டிக்குள் போகும், வயலை அவர் செய்வார், காசு திரும்பும் நாள் வரையில் காணிக்காரர் தன் வயல் வரம்பிலேயே கூலிக்கு நிற்பார். என் தங்கையின் கணவர் அதற்கும் தயாராக இருந்தார். "பெடியன் தப்பினால் போதும், அக்கா" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் என்னை இரண்டு இரவு நித்திரை கொள்ள விடவில்லை. போர் முடிந்து பதினாறு வருடமான பின்னும் ஒரு தகப்பனுக்குப் பிள்ளையை இங்கிருந்து அனுப்புவது தப்புவதாகவே படுகிறது என்றால், அவருக்கு முன்னால் வட்டிக் கணக்கை மட்டும் வைத்து வாதாடுவது போதாது. இருந்தும் அந்தக் கணக்கைச் சொல்லாமல் விடவும் முடியாது.

இனி வயல். புலம்பெயர்ந்த உறவுகள் தொலைபேசியில் மண், விவசாயம், தற்சார்பு என்று உருகிப் பேசும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருவதுண்டு. கமத்தையும் அளவுக்கு மீறிப் புகழ முடியும். மூன்று ஏக்கரில் நல்ல காலபோகத்தில், அதாவது மாரிப் பயிரில், ஏக்கருக்கு 2,000 கிலோ என்று 6,000 கிலோ நெல் வரும். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய். நாட்டு நெல் கணக்கில் 7,20,000 ரூபாய். உழவு, விதை, பசளை, களைநாசினி, அறுவடை இயந்திரக் கூலி என்று பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சும் மூன்று இலட்சத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50,000. அரச உத்தியோகத்தின் தொடக்கச் சம்பளத்துக்குப் பக்கத்தில் அது நிற்பதைக் கண்டு தங்கையின் மகனே வியந்தான்.

ஆனால் அந்த 120 ரூபாய் காய்ந்த நெல்லுக்கு. பசளைக் கடையில் கடன், இயந்திரக்காரனுக்குக் கூலி, காயப்போடத் தளம் இல்லை, மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது என்றால், இயந்திரத்திலிருந்து இறங்கிய ஈர நெல்லை வயற்கரையில் நிற்கும் லொறிக்காரன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். என் தங்கையின் கணவர் அந்த விலைக்கு விற்ற நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பார். கோடையில் செய்யும் சிறுபோகமோ, குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பொறுத்தது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இவ்வளவு ஏக்கர்தான் என்று தீர்மானித்தால், மூன்று ஏக்கர்க்காரர் ஒரு ஏக்கரோடு நிற்பார். 2018 இல் இரணைமடு புனரமைக்கப்பட்டு அணைக்கட்டு உயர்ந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதே ஆண்டு மார்கழியில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழே இருந்த வயல்களும் வீடுகளும் வெள்ளத்துக்குள் போயின. 2021 இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்து, கார்த்திகையில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கிடையில் விதைத்த பயிர் மஞ்சளாய் நின்றது. ஆகவே வயலை மட்டும் நம்பு என்று 27 வயதுப் பையனுக்குச் சொல்ல நான் துணியமாட்டேன். அவனுக்கு வயல் தெரிந்திருக்க வேண்டும், கையை விட்டுப் போகக் கூடாது. அதற்கு மேல் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது.

சுயதொழிலைப் பற்றியும் ஒரு சொல். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் கிராமங்களுக்குக் கோழிகளும் ஆடுகளும் தையல் இயந்திரங்களும் வந்தன. ஒரே ஒழுங்கையில் ஆறு வீட்டில் தையல் இயந்திரம் இருந்தால், எவர் எவருக்குத் தைப்பது? அதற்குப் பின்னால் நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசு இரத்துச் செய்ய வேண்டிய அளவுக்கு அது போனது.

மூன்று தாள்களுக்கும் பின்னால் தாளில் எழுதப்படாத ஒரு செலவு இருந்தது. பையனுக்கு மூத்தவள், 30 வயது, கலியாணம் ஆகவில்லை. வெளிநாட்டுக் காசு தேவைப்பட்டதும் நியமனக் கடிதம் தேவைப்பட்டதும் உண்மையில் அவளுடைய சீதனத்துக்கும் அதற்கு முன் வீட்டை முடிப்பதற்கும்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாய் கிடைத்தபோது, கொடுத்த வரைபடத்தை விட்டு இரண்டு அறை கூட்டி அத்திவாரம் போட்டார்கள். கூட்டிய அறைகள் இன்றும் கூரையில்லாமல் யன்னல் உயரத்தில் நிற்கின்றன. ஒன்றுக்குள் விறகு, மற்றதற்குள் பசளைப் பை. அந்தச் சுவருக்குப் பட்ட கடன் பத்து வருடம் சென்றுதான் முடிந்தது. வீட்டைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வருவான் என்று அன்று சொன்னவர்களே, இன்று மண்டபம் எடுத்து, வீடியோக்காரரைப் பிடித்து, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்கிறார்கள். எங்கள் வாழ்க்கையில் ஆகவும் அளவுக்கு மீறி மதிக்கப்படும் பொருள் எதுவென்று என்னைக் கேட்டால், கலியாண மண்டபத்தின் அந்த ஒரு பகல் என்பேன். அதற்காகவே ஒரு வயல் ஒற்றிக்குப் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இவ்வளவு கணக்கும் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது: அந்த வீட்டில் மாதம் தவறாமல் காசு கொண்டுவருபவள் அந்த மூத்த பிள்ளை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடிய ஐந்தரைக்குச் சந்தியில் பஸ் வரும். இருட்டுக்குள் டோர்ச் பிடித்தபடி சைக்கிளில் போய் ஏறுவாள், மாலையில் கால் வீங்கி வருவாள். மின்சாரக் கட்டணம், தம்பியின் போன் காசு, அம்மாவின் பிறஷர் குளிசை எல்லாம் அவளுடைய சம்பளத்தில். நாங்கள் இரண்டு கிழமை உட்கார்ந்து பேசிய விறாந்தையில் அவளை ஒருதரம்கூட இருத்தவில்லை. கார்மென்ட் வேலை நிரந்தரம் இல்லை என்பதால் அது வருமானக் கணக்கிலும் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லக்கூடிய உத்தியோகமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு மூன்று தாள்களையும் காட்டினேன். எல்லாவற்றையும் அமைதியாகப் பார்த்துவிட்டு, "எனக்கெண்டு ஒருத்தரும் கடன் பட வேண்டாம், பெரியம்மா. அந்த வயலில ஒரு ஏக்கரை எனக்கெண்டு எழுதினால் காணும்" என்றாள். அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரிமை, அதாவது காணிக்காரருக்குப் பிறகு காணி எவருக்கு என்பது, முன்பு ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தகப்பனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது தாளுக்கு வருகிறேன். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கும் பக்கத்திலேயே, 2016 இல் திறந்த இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வாகனம், மின்சாரம், கட்டுமானம் போன்ற துறைகளில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., பெறலாம். அந்தத் தகைமை ஏழு மட்டங்கள் வரை ஏறும். நாலாம் மட்டம் முழுத் தொழிலாளிக்கு, ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்கு, ஏழு பட்டத்துக்குச் சமம். பட்டதாரி போய் ஸ்பனர் பிடிப்பதா என்று அயலவர்கள் கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள். நான் நினைத்துக்கொண்டது மெனிக் பாமை. அங்கே எங்கள் வரிசைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வாட்டர் பம் திருத்தத் தெரிந்த ஒருவர் இருந்தார். முத்தையன்கட்டுப் பக்கத்தவர், வீடு, கடை, பத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. முகாமுக்குள் வந்து பத்தாம் நாள் அவருக்கு வேலை இருந்தது, வெளியே வந்து மூன்றாம் மாதம் கடை இருந்தது. ஆசிரியையான எனக்குச் சம்பளம் வந்தது உண்மை. ஆனால் தானாக எழும்பியவர் அவர்தான். கையில் இருக்கும் தொழிலை எந்தச் சோதனைச் சாவடியிலும் ஒருவரும் பறிக்க முடியாது. கொரியாவுக்கோ மத்திய கிழக்குக்கோ முறையாகப் போக நினைத்தாலும் கையில் தொழில் உள்ளவனுக்குத்தான் நல்ல ஒப்பந்தம் கிடைக்கும். வயலில் நின்றாலும் தன் இயந்திரத்தைத் தானே திருத்தி, அயலவரின் இயந்திரத்தையும் திருத்திக் காசு பார்ப்பான். மூன்று வழிகளில் மற்ற இரண்டையும் மூடாத வழி இது ஒன்றுதான். இதில் இழக்கக்கூடியது இரண்டொரு வருடம், ஒற்றிக்குப் போன வயல் இல்லை.

இதற்கும் குறைகள் உண்டு. பயிற்சி முடிந்த உடனே கிளிநொச்சியில் நல்ல சம்பளத்துக்கு வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. கொழும்புப் பக்கம் போக வேண்டி வரலாம். பட்டம் பெற்று இன்னொரு முறை மாணவனாக, தன்னைவிட எட்டு வயது குறைந்த பிள்ளைகளோடு இருப்பது மனத்துக்குப் பாரம். வர்த்தமானி வந்தால் விண்ணப்பம் போட வேண்டும் என்பதில் நானும் அவனுடைய பக்கம்தான். நியமனம் கிடைத்தால் சந்தோஷமாகப் போகட்டும். விண்ணப்பித்துவிட்டு வேலை செய்வது ஒன்று, விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருப்பது வேறு.

முகவரின் தாளைத் தங்கையின் மகன்தான் எடுத்து மடித்து அடுப்படிக்குள் கொண்டுபோனான். பெமிற் தகரப் பெட்டிக்குத் திரும்பியது. பின்னுரித்தாளர் பதிவைப் பற்றிக் கேட்பதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளைத் தகப்பன் கலண்டரில் வட்டமிட்டிருக்கிறார். கூரையில்லாத இரண்டு அறைகளும் அப்படியே நிற்கட்டும் என்று முடிவாயிற்று. பயிற்சி தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் காலையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. அக்காவின் பெட்டியையும் இனி அவனே கட்ட வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.